பிள்ளைகளின் மூளைச் சிரைகளில் ரத்தக் கட்டு: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூடமோ கல்லூரியோ போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மூளையில் ரத்தக் கட்டு என்று மருத்துவர் சொன்னால், எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி "இந்த வயதிலா?" என்பதுதான். இந்த வயதிலும் வரும். ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். அதனால் கீழே சிகிச்சைக்கு ஒதுக்கிய அளவு இடத்தைத் தலைவலிக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

இது பக்கவாதமா, வேறு ஏதாவதா?

வயலுக்கு வாய்க்கால் ஒன்று, வடிகால் ஒன்று. வாய்க்கால் அடைத்தால் பயிர் காயும். வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் பக்கவாதம் முதல் வகை: ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி அடைபடுகிறது, சில நிமிடங்களில் கை கால் விழுகிறது. நாம் பேசுவது இரண்டாவது வகை. மூளையிலிருந்து ரத்தத்தை வடித்துச் செல்லும் சிரைகளில் ரத்தம் உறைந்துவிடுகிறது. இதையும் பக்கவாதத்தின் ஒரு வகையாகவே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். எல்லாப் பக்கவாதங்களிலும் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான் இந்த வகை.

வடிகால் என்ற ஒப்புமை இன்னொரு விஷயத்துக்கும் பொருந்தும். மூளையைச் சுற்றியிருக்கும் தண்டுவட நீரும் இந்தச் சிரைகளின் வழியாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. சிரை அடைபட்டால் ரத்தமும் தேங்கும், நீரும் தேங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தமனி அடைப்பு நிமிடக் கணக்கில் காட்டுவதை இது நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் காட்டுகிறது.

ரிப்போர்ட்டில் "சைனஸ்" என்று போட்டிருக்கிறதே, சளியினால் வந்ததா?

இந்தக் குழப்பம் நம் ஊரில் நிறைய நடக்கிறது. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்கும் சைனஸ் என்று பெயர். மூளையின் மேலுறை மடிப்புகளுக்குள் ஓடும் பெரிய சிரைக் கால்வாய்களுக்கும் அதே பெயர். ஒன்று நெற்றியிலிருந்து உச்சந்தலை வழியாகப் பிடரி வரை நடுவில் ஓடுகிறது. அங்கே இடமும் வலமுமாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் வளைந்து, கழுத்துச் சிரையில் இறங்குகிறது. உங்கள் ரிப்போர்ட் இந்தக் கால்வாய்களைச் சொல்கிறது. ஆவி பிடித்தால் இது போகாது. "சைனஸ்தானாம்" என்று உறவினர்களிடம் சொல்லிவிட்டு மருத்துவமனையிலிருந்து கிளம்பிவிடாதீர்கள்.

மூக்கு சைனஸில் கடுமையான சீழ் பிடித்து, அது பரவிச் சிரையில் கட்டு உண்டாவதும் உண்டு. அது அபூர்வம்.

எத்தனை பேருக்கு வருகிறது?

கனடாவில் 1990களில் 160 குழந்தைகளைப் பதிவுசெய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 0.67 பேர். அவர்களில் 43 சதவீதம் பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுக்கள் என்பதால், பதின்வயதினருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. சிறு வயதில் ஆண், பெண் வித்தியாசம் அதிகம் இல்லை. பருவம் எய்திய பிறகு தராசு பெண்கள் பக்கம் சாயத் தொடங்குகிறது. காரணம் கீழே வருகிறது.

பிள்ளைக்குத் தலைவலி வராத வீடு ஏது? எதை வைத்துப் பயப்படுவது?

ஒரு நாள் வலியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வலியின் போக்கைப் பாருங்கள். சாதாரண மைக்ரேன் வரும், போகும், இடையில் பிள்ளை நன்றாக இருக்கும். சிரை அடைப்பின் வலி விடுவதில்லை. நேற்றைவிட இன்று கூடுதல், இன்றைவிட நாளை கூடுதல் என்று ஏறிக்கொண்டே போகும். படுத்தால் அதிகமாகும். காலையில் கண் விழிக்கும்போதே இருக்கும். இருமினாலும் குனிந்தாலும் கழிவறையில் முக்கினாலும் தலை வெடிப்பது போல இருக்கும். கூடவே வாந்தி.

அடுத்தது கண். எழுந்து நிற்கும்போது சில விநாடிகள் பார்வை இருட்டிக்கொண்டு திரும்புவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்குவது ஆகியவை உள்ளழுத்தம் ஏறியதன் அடையாளங்கள். காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து "உஸ் உஸ்" என்று சத்தம் கேட்பதாகச் சில பிள்ளைகள் சொல்வார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை தலைவலி என்றதும் நாம் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகிறோம். அங்கே பவர் பார்ப்பார்கள். பவர் பார்ப்பது வேறு, கண்ணின் பின்திரையைப் பார்ப்பது வேறு. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பின் முகப்பு வீங்குகிறது. கண் மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ சிறு கருவியால் உள்ளே பார்த்தால் அந்த வீக்கம் தெரிந்துவிடும். சில நிமிட வேலை, வலி கிடையாது, செலவும் அநேகமாக ஒன்றுமில்லை. இரண்டு வாரமாக விடாத தலைவலிக்கு யாரிடம் போனாலும் "கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஆரம்ப நாள்களில் வீக்கம் இல்லாமலும் இருக்கலாம் என்பதால், வலி தொடர்ந்தால் மறுபடியும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முதலில் மைக்ரேன் என்றார்கள், பிறகு பரீட்சை பயம் என்றார்கள். தவறு யாருடையது?

தலைவலியோடு வரும் நூறு பிள்ளைகளில் மைக்ரேனும் மன அழுத்தமும்தான் மிக அதிகம். முதல் நாளே எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. எனவே முதல் முறை மைக்ரேன் என்று சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது முறையும் பிள்ளையைத் தொட்டுப் பார்க்காமல் அதே மாத்திரையை எழுதித் தந்தால் அது தவறுதான். பெற்றோர் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. படிப்புக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம். வலிப்பு வந்தால் காத்து கருப்பு என்று கயிறு கட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கயிறு கட்டட்டும், ஆனால் போகும் வழியில் மருத்துவமனை இருந்தால் முதலில் அங்கே.

என் பிள்ளைக்கு ஏன் வந்தது?

பெரும்பாலும் ஒரே காரணமாக இருப்பதில்லை. இரண்டு மூன்று சிறு காரணங்கள் ஒரே வாரத்தில் சேர்ந்துகொள்கின்றன. 2012 டிசம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளிண்டனுக்கு அப்படித்தான் நடந்தது. வயிற்றுத் தொற்றால் உடலில் நீர் வற்றி, மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டு, பிறகு வலது காதுக்குப் பின்னால் உள்ள சிரைக் கால்வாயில் கட்டு இருப்பது தெரிந்தது. அவருக்கு வயது 65. ஆனால் காரணங்கள் கைகோத்துக்கொள்ளும் விதம் 15 வயதிலும் இதேதான்.

பதின்வயதினரில் தேட வேண்டியவற்றில் காதுச் சீழ் முக்கியமானது. சிரைக் கால்வாய் காதுக்குப் பின்னுள்ள எலும்பை ஒட்டியே ஓடுகிறது. நாள்பட்ட காதுச் சீழ் அந்த எலும்பை அரித்தால் அடுத்த வீடு சிரைதான். காது ஒழுகுவதை வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விடுவது ஆபத்து.

இரும்புச் சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இன்னொன்று. ரத்தம் குறைந்தால் எப்படி உறையும் என்று கேட்பார்கள். இரும்பு குறையும்போது பல சமயம் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பெருகுகின்றன, உறையும் போக்கும் கூடுகிறது. மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்பிள்ளைகளை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். பால் தவிர விலங்குணவே சேர்க்காத வீடுகளில் பி12 குறைந்து, ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். அதுவும் உறைதலைத் தூண்டும். நல்ல வேளை, இரண்டுமே எளிதாகத் திருத்தக்கூடியவை.

சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ராட்டிக் நோய், குடல் அழற்சி நோய், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் ஆகியவை உறைதலைக் கூட்டும். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸ் மருந்துக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு. அது தெரிந்தேதான் கொடுக்கிறார்கள், அந்த மருந்து உயிர் காப்பது. ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் பிறவியிலேயே குறைந்தவர்களும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் காலில் ரத்தக் கட்டு வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டு புதிதாக இருக்கும்போதும், சில மருந்துகள் எடுக்கும்போதும் இந்தப் புரத அளவுகள் பொய்யாகக் குறைந்து காட்டும். ஆகவே சில மாதங்கள் கழித்து மறுபடியும் பார்க்காமல் பிறவிக் குறை என்று முத்திரை குத்தக் கூடாது.

எல்லாம் தேடியும் எதுவும் கிடைக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை கொடுத்தோம். அதனால் இருக்குமா?

இருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரைகள் கருத்தடைக்கு மட்டும் அல்ல, நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் அதிக ரத்தப்போக்குக்கும் கூடப் பதின்வயதுப் பெண்களுக்குத் தரப்படுகின்றன. பெண்கள் பக்கம் தராசு சாய்வதற்கு இவை ஒரு பெரிய காரணம். திருமணம், கோயில் திருவிழா என்று மாதவிடாயைத் தள்ளிவைக்க வாங்கும் மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது நாரெத்திஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோன் மருந்து. அதிக அளவில் எடுத்தால் அதில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளாக மாறுகிறது. மாத்திரை எடுக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மை. ஆனால் ரத்தசோகையும் உறைதல் கோளாறும் இருக்கிற பெண், ஊர்ப் பயணத்தில் தண்ணீரும் குடிக்காமல், யாரையும் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கி விழுங்குகிறாள் என்றால் கணக்கு மாறுகிறது.

சில வீடுகளில் பெண் அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரை எடுத்திருப்பாள். மருத்துவர் அவளைத் தனியாகப் பேச அழைத்தால் வெளியே நில்லுங்கள்.

பிரசவமான இளம்பெண்களுக்கு இது வரும் என்கிறார்களே?

18, 19 வயதும் பதின்வயதுதான். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள் ரத்தம் எளிதில் உறையும் காலம். தமிழ்நாட்டுக்கு இது பழைய கதை. மதுரை நரம்பியல் மருத்துவர்கள் 1970களிலும் 80களிலும் கர்ப்பகால, பிரசவகால மூளை ரத்தக் கட்டுகளைப் பற்றி எழுதியவை உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. 1983-இல் வந்த ஒரு கட்டுரையில் மட்டும் 135 நோயாளிகள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போட்டுவிடும் என்று அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பத்தியத்தில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கோவிட் தடுப்பூசியால் வந்ததா?

2021-இல் அஸ்ட்ராஜெனெகா, ஜான்சன் தடுப்பூசிகளுக்குப் பிறகு, தட்டணுக்கள் குறைந்து மூளைச் சிரையில் கட்டு வரும் மிக அரிய நிலை அடையாளம் காணப்பட்டது. அது ஊசி போட்ட சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் வருவது. அஸ்ட்ராஜெனெகாவின் இந்தியப் பெயர் கோவிஷீல்டு. இந்தியாவில் அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே போடப்பட்டது. 15 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி முதல் போட்டது கோவாக்சின். அது வேறு வகைத் தடுப்பூசி. ஆண்டுகள் கழித்து வரும் கட்டுக்கு அந்த ஊசியைக் காரணம் காட்ட இடமில்லை.

சி.டி. ஸ்கேன் நார்மல் என்றார்கள். பிறகும் எம்.ஆர்.ஐ. ஏன்?

சாதாரண சி.டி.யில் சிரைக் கட்டு பல சமயம் தெரியாது. சிரைகளுக்கென்றே எடுக்கும் படம் தேவை: எம்.ஆர்.ஐ.யோடு எம்.ஆர். வெனோகிராம், அல்லது சாயம் செலுத்தி சி.டி. வெனோகிராம். இதில் எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. பலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கக் கால்வாய், பெரும்பாலும் இடப்பக்கம், மெலிந்திருக்கும். படத்தில் அது அடைப்பு போலவே தெரியும். நல்ல கதிரியல் மருத்துவர் இரண்டையும் பிரித்துச் சொல்வார். ரத்தத்தில் டி-டைமர் (ரத்தக் கட்டு கரையும்போது உண்டாகும் பொருள்) நார்மலாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்கிறார்கள். பிறகு ரத்தத்தை இளக்கும் மருந்து ஏன் கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வி கேட்காத பெற்றோர் இருக்க முடியாது. கசிவதற்குக் காரணமே வடிகால் அடைபட்டதுதான். பின்னழுத்தம் தாங்காமல் சிறு நாளங்கள் கசிகின்றன. கட்டு பெருகாமல் தடுத்தால் கசிவும் அடங்கும். ஜெர்மனியில் நடந்து 1991-இல் வெளிவந்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 20 பேர். ரத்தத்தை இளக்கும் ஹெப்பாரின் கொடுத்த 10 பேரில் 8 பேர் முழுமையாகத் தேறினார்கள், 2 பேருக்குச் சிறு குறை, யாரும் இறக்கவில்லை. கொடுக்காத 10 பேரில் முழுமையாகத் தேறியவர் ஒருவர், இறந்தவர்கள் 3 பேர். முன்பே கசிவு இருந்தவர்களும் ஹெப்பாரினால் மோசமாகவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் அதன் பிறகு கசிவைக் கண்டு மருந்தை நிறுத்தும் பயம் பெரிதும் குறைந்தது.

சிகிச்சை எத்தனை நாள்?

முதல் சில நாள்கள் தோலுக்கடியில் ஹெப்பாரின் வகை ஊசி. பிறகு மாத்திரை: வார்ஃபரின், நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசிட்ரோம், அல்லது ரிவரோக்சபான், டாபிகட்ரான் போன்ற புதியவை. வார்ஃபரினும் அசிட்ரோமும் எடுத்தால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவை. வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருப்பார்கள். காரணம் தற்காலிகமானது என்றால் சுமார் 3 மாதம், காரணம் தெரியாவிட்டால் 6 மாதம் அல்லது கூடுதல், கடுமையான பிறவிக் கோளாறு என்றால் நீண்ட காலம். வலிப்பு வந்திருந்தால் அதற்குத் தனி மருந்து. பார்வை நரம்பு வீங்கியிருந்தால் அழுத்தம் குறைக்கும் மாத்திரையும், மாதக்கணக்கில் கண் பரிசோதனையும். தலைவலி போனவுடன் கண் மருத்துவரை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. பார்வை சத்தமில்லாமல் குறையும். காதுச் சீழ் காரணம் என்றால் ஆன்டிபயாட்டிக்கும் காது அறுவையும் சேரும்.

குழாய் விட்டு ரத்தக் கட்டை எடுப்பதும், மண்டையோட்டுத் துண்டை அகற்றி அழுத்தம் குறைப்பதும் நிலைமை கைமீறும் சிலருக்கு மட்டுமே.

மருந்து எடுக்கும்போது கீரை கூடாதாமே?

வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பேச்சு. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் அடுத்த வாரம் தினமும் என்று போனால்தான் ஐ.என்.ஆர். ஆட்டம் காணும்.

கீரையைவிட ஆபத்தானது வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம்; காய்ச்சலுக்கும் வலிக்கும் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால். தெரு முனை கிளினிக்கில் இடுப்பில் "ஒரு ஊசி போட்டுக்கலாம்" என்பார்கள். ரத்தம் இளகும் மருந்து எடுக்கும் பிள்ளைக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். மறுத்துவிடுங்கள். லேகியம், கஷாயம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகே. மாதவிடாய் ரத்தப்போக்கு கூடலாம். பெண்பிள்ளைகளிடம் இதை முன்னதாகவே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார்கள்.

பள்ளி, விளையாட்டு, வண்டி?

பள்ளிக்கு முடிந்தவரை சீக்கிரம் அனுப்புங்கள், ஆனால் முதல் மாதங்களில் களைப்பும் கவனச் சிதறலும் இருக்கும். சோம்பல் என்று திட்டாதீர்கள். மருந்து முடியும் வரை கபடி, குத்துச்சண்டை, கால்பந்து போல மோதும் விளையாட்டுகள் வேண்டாம். நடையும் இறகுப்பந்தும் பெரும்பாலும் தடையில்லை. வலிப்பு வந்திருந்தால் மருத்துவர் சொல்லும் வரை இருசக்கர வாகனமும் தனியாக நீச்சலும் கூடாது.

மறுபடியும் வருமா? பிற்காலத்தில் கல்யாணம், குழந்தை?

ஐரோப்பிய நாடுகளின் 396 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளியான ஆய்வில், 22 பேருக்கு உடலில் எங்காவது மீண்டும் சிரைக் கட்டு வந்தது. அதில் மூளையில் வந்தது 13 பேருக்கு. அதாவது நூற்றுக்கு மூன்று. பெண்கள் இனி ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கக் கூடாது. வேறு வழிகள் இருக்கின்றன. குழந்தை பெறத் தடை இல்லை. கர்ப்பம் உறுதியானவுடன் பழைய கதையைச் சொன்னால், தேவைக்கேற்ப ஹெப்பாரின் ஊசியோடு பார்த்துக்கொள்வார்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பத்துக்கு முன்பே பேச வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். அது அவள் முடிவு. பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

ஆறு மாதம் முடிந்தும் ஸ்கேனில் ஒரு பக்கம் திறக்கவில்லை. மருந்தை எப்படி நிறுத்துவது?

படத்தை மட்டும் வைத்து மருந்தை நீட்டிப்பதோ நிறுத்துவதோ இல்லை. கால்வாய் முழுதும் திறக்காவிட்டாலும் பக்கத்துச் சிறு சிரைகள் விரிந்து அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. தலைவலி இல்லை, பார்வை நரம்பு வீக்கம் வடிந்துவிட்டது, கட்டுக்குக் காரணமாக இருந்ததும் சரியாகிவிட்டது என்றால், பழைய தழும்பு போல அந்தப் பக்கம் அப்படியே இருந்துவிடலாம். நிறுத்தும் நாளில் எடுத்த படத்தின் குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டையும் வாங்கி வீட்டில் வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு தலைவலிக்கு வேறு ஊரில் ஸ்கேன் எடுக்கும்போது, அந்த அடைப்பு புதிதா பழையதா என்று அங்குள்ள மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.